பேஸ் கித்தாரும் விரல்களும்

(ஆண்டுவிழாக் கூடுகையில் பாடகர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



ஆண்டுவிழாப் பாடல்களை நம் வாலிபர்கள் பதிவு செய்தபோது, பேஸ் கித்தார் வாசிக்கும் தம்பி வேலை மாறி வேறு ஊருக்குப் போயிருந்தார். ஆகவே ஒரு பிள்ளை கீபோர்டைக் கம்ப்யூட்டரில் இணைத்து, அதிலேயே பேஸ் வாசித்தான். பதிவைக் கேட்ட ஓர் அம்மா, "தம்பி திரும்பி வந்துட்டாரா?" என்று கேட்டார். அவ்வளவு அச்சு அசலாக இருந்தது. "அப்படியானால் அந்தக் கித்தாருக்கு இனி ஆள் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

பிள்ளைகளே, அந்தச் சத்தத்தைக் கம்ப்யூட்டர் தானாக உண்டாக்கவில்லை. யாரோ ஒருவர் உண்மையான பேஸ் கித்தாரை மடியில் வைத்து, ஒவ்வொரு சுரத்தையும் விரலால் மீட்டியிருக்கிறார். அந்தப் பதிவுகளைத்தான் சாம்பிள் என்கிறோம்.

ஒரு கணக்குப் போடுவோம். கித்தாரில் 4 தந்திகள். ஒவ்வொரு தந்தியிலும் 20 கட்டங்கள் என்றால், வெறுந்தந்தியையும் சேர்த்து 84 இடங்கள். ஒவ்வோர் இடத்தையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக, மிகவும் பலமாக என்று 4 விதமாக மீட்ட வேண்டும். ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால் தையல் மெஷின் ஓடுவதுபோல் கேட்கும். வாசிப்பவர் ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் மாற்றி மாற்றி மீட்டுகிறார். எந்த இரண்டு மீட்டும் ஒன்றுபோல் இராது. ஆகவே ஒவ்வொன்றையும் 4 தடவை பதிந்தால் 84 × 4 × 4 = 1,344 பதிவுகள். தந்தியில் விரல் வழுக்கும் சத்தத்தையும், விரலை எடுக்கும் சத்தத்தையும் தனியாகப் பதிகிறார்கள். நாம் கீயை எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்பதைக் கீபோர்ட் 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக அனுப்பும். அந்த எண்ணுக்கு ஏற்ற பதிவைக் கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கும்.

ஆக, அந்த அம்மாவின் காது தவறவில்லை. அவர் கேட்டது ஒரு மனிதரின் விரல்களைத்தான். அவர் யார் என்று மட்டும் நமக்குத் தெரியாது.

பேஸ் வாசிப்பவர்களுக்கு இது பழக்கமான காரியம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவர், 1960களில் மோட்டவுன் நிறுவனத்தின் எத்தனையோ பாடல்களுக்கு ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே பேஸ் வாசித்தார். உலகமெங்கும் அந்தப் பாடல்களைக் கேட்டார்கள். ஆனால் 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வந்தபோதுதான் அந்த நிறுவனத்தின் இசைத்தட்டு உறையில் அவர் பெயர் அச்சானது.

இனி நம் ஆராதனைக்கு வருவோம். கீபோர்ட் வாசிக்கும் பிள்ளையின் இரண்டு கைகளுக்கும் ஏற்கெனவே வேலை இருக்கிறது. அதனால் ஒரு ஞாயிறு, பேஸை முன்கூட்டியே பதிந்து ஓடவிட்டோம். கடைசிச் சரணத்தில் பெரியவர்கள் வழக்கம்போல் இழுத்துப் பாடினார்கள். பதிவோ காத்திருக்கவில்லை, நமக்கு முன்னே முடிந்துவிட்டது. கடைசி வரியைப் பேஸ் இல்லாமலே பாடி முடித்தோம். தம்பி இருந்திருந்தால், நம் பாட்டிமாரின் முகத்தைப் பார்த்து, அவர்கள் மூச்சு வாங்கும்வரை அந்தச் சுரத்தைப் பிடித்திருப்பார்.

பதிவு செய்யும்போது சாம்பிளைப் பயன்படுத்துவோம், அதில் குறையொன்றுமில்லை. ஆராதனையில் சபையோடு சேர்ந்து பாட ஓர் ஆள் வேண்டும். பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தை இன்று வீட்டில் வாசியுங்கள். ஒரு சரீரத்தில் எந்த அவயவமும் தேவையற்றதல்ல என்று அங்கே படிப்போம்.

தம்பியின் இடத்தில் இப்போது சபையின் பேஸ் கித்தார் சும்மா சாய்ந்து நிற்கிறது. அதன் தடித்த தந்தி விநாடிக்கு ஏறக்குறைய 41 தடவை அதிரும். பெஞ்சில் கை வைத்தால் உணரலாம். முதல் சில வாரங்கள் விரல் நுனி வலிக்கும், பிறகு பழகிவிடும். கற்றுக்கொள்ள ஆசையுள்ள பிள்ளைகள் பாடல் பயிற்சிக்கு வாருங்கள். பெற்றோரே, அவர்களை அழைத்து வாருங்கள்.

கர்த்தர் தாமே நம் சபையையும் பிள்ளைகளின் கைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.