ஒரு நாள் விருந்தும் மறுநாள் காலையும்

(நீரிழிவு நோயாளிகளுக்கும் அவர்களது குடும்பத்தாருக்கும் நமது மருத்துவமனையில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சர்க்கரை வியாதி இன்று எந்தத் தெருவுக்கும் புதிதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை நீரிழிவு. எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். ஆகவே இன்று அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. சாப்பிடக் கூடாததைச் சாப்பிட்டுவிட்ட பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

கல்யாணம், வளைகாப்பு, தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் கேக், சபையின் அசன விருந்து என்று நம் வாழ்க்கையில் சாப்பாடு இல்லாத சந்தோஷம் கிடையாது. பத்து, இருபது வருடம் இந்த நோயோடு வாழ வேண்டிய ஒருவர் ஒரு நாளும் தவற மாட்டார் என்று எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல, நடக்கிற காரியமும் அல்ல. எங்களுக்கு அதிகக் கவலை தருவது அந்த ஒரு வேளை விருந்து அல்ல. அதற்குப் பிறகு நடப்பவைதான்.

பண்டிகை முடிந்த மாதத்தில் வெளிநோயாளர் பிரிவில் சிலருடைய அட்டை வரும். ஆள் வர மாட்டார். மாத்திரை வாங்க மகனை அனுப்பியிருப்பார். “அப்பா ஏன் வரவில்லை?” என்று கேட்டால், “சுகர் ஏறியிருக்கும், டாக்டர் திட்டுவார் என்று பயப்படுகிறார்” என்பார் மகன். அடுத்த மாதமும் அப்படியே. சிலர் ஒரு வருடம் கழித்து வருவார்கள், காலில் துணி சுற்றிக்கொண்டு. நரம்பு உணர்வு இழந்துவிட்டதால் முள் குத்தியதே தெரிந்திருக்காது. அந்தப் புண் ஒரு தட்டு பாயசத்தால் வந்ததல்ல. வெட்கப்பட்டு வராமலிருந்த பன்னிரண்டு மாதங்களால் வந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று மாதச் சராசரி என்று நாம் சொல்லும் ஹெச்பி ஏ ஒன் சி பரிசோதனையை நீங்கள் அறிவீர்கள். இரத்தத்தில் ஓடும் சர்க்கரை, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினோடு சிறிது சிறிதாக ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஆகவே கடந்த இரண்டு மூன்று மாதங்களில் சர்க்கரை பொதுவாக எப்படி இருந்தது என்பதை இந்தப் பரிசோதனை காட்டிவிடுகிறது. மூன்று மாதத்தில் நாம் சுமார் 270 வேளை சாப்பிடுகிறோம். மாதத்துக்கு ஒரு விருந்து என்றால் 270இல் மூன்று வேளை. அதனால் சராசரி பெரிதாக அசையாது. அதே சமயம், பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் கோதுமைக் கஞ்சி குடித்துவிட்டு வந்தாலும் இந்தக் கணக்கு ஏமாறாது.

இங்கிலாந்தில் 1977இல் தொடங்கி, புதிதாக நோய் கண்ட 5,102 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 1998இல் வெளிவந்தன. பத்து வருடக் காலத்தில் ஒரு பிரிவினருக்கு இந்தச் சராசரி 7.0 ஆகவும் மற்றவர்களுக்கு 7.9 ஆகவும் இருந்தது. அந்தச் சிறிய வித்தியாசத்தாலேயே, கண், சிறுநீரகம் போன்ற உறுப்புகளின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் வரும் பாதிப்புகள் கால் பங்கு குறைந்தன. இந்தப் பலன் பல வருடச் சராசரியால் கிடைத்ததே தவிர, ஒரு வேளைச் சாப்பாட்டால் அல்ல. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. இரு பிரிவினருக்கும் வருடங்கள் போகப் போகச் சர்க்கரை ஏறியது. கணையத்தின் இன்சுலின் சுரக்கும் சக்தி காலப்போக்கில் குறைவதே அதற்குக் காரணம். ஆகவே, அளவு ஏறும்போதெல்லாம் நோயாளி தம்மையே நொந்துகொள்ள வேண்டியதில்லை. மருந்தை மாற்ற வேண்டிய நேரமாகவும் இருக்கலாம்.

இப்போது மறுநாள் காலைக்கு வருவோம். நேற்று அதிகம் சாப்பிட்டோமே என்று இரண்டு மாத்திரையாக விழுங்குகிறவர்கள் உண்டு. இன்று முழுதும் பட்டினி கிடக்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து இரண்டையும் செய்யாதிருங்கள். விருந்தினால் ஏறிய சர்க்கரை சில மணி நேரத்தில் இறங்கத் தொடங்கிவிடும். ஆனால் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் வேலை செய்யும். இவற்றைக் கூடுதலாக எடுத்தாலும், எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாலும் சர்க்கரை 70க்குக் கீழே போய்விடலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

வியர்த்துக் கொட்டுவது, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடர், அது இல்லாவிட்டால் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் கொடுத்து, சரியான பின் ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். மாத்திரையால் இறங்கிய சர்க்கரை ஒரு முறை தேறினாலும் மறுபடி இறங்கக் கூடும் என்பதால், தேறியவரையும் டாக்டரிடம் காட்டுவது நல்லது.

அப்படியானால் என்னதான் செய்வது? அடுத்த வேளையை வழக்கம்போல் சாப்பிடுங்கள். வழக்கமான மாத்திரையை வழக்கமான நேரத்தில் எடுங்கள். தாராளமாகத் தண்ணீர் குடியுங்கள். காலில் புண்ணோ, நெஞ்சு வலியோ இல்லாதவர்கள் செருப்பு அணிந்து இருபது நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன. பாகற்காய்ச் சாறும் வெந்தயத் தண்ணீரும் நேற்றைய விருந்தை அழித்துவிடாது. வீட்டில் மீட்டர் இருந்தால் பார்த்து, அளவைத் தேதியோடு எழுதி வையுங்கள். எந்தச் சாப்பாடு நமக்கு எவ்வளவு ஏற்றுகிறது என்று தெரிந்துகொள்ள அது உதவும். சர்க்கரை 300க்கு மேலேயே நின்றாலோ, தீராத தாகம், வாந்தி, மயக்கம் இருந்தாலோ, காத்திராமல் வந்துவிடுங்கள்.

விருந்துக்குப் போகும் முன்பும் சிறிது யோசிக்கலாம். மத்தியானம் விருந்து என்று காலை உணவைத் தள்ளினால், பசி வேகத்தில் இரண்டு மடங்கு சாப்பிடுவோம். இலையில் முதலில் காய்களையும், பருப்பு, முட்டை, மீன் போன்றவற்றையும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை மெதுவாக ஏறும். பாயசம் வேண்டுமென்றால் அரை டம்ளர் வாங்கி, இரண்டாம் தடவைச் சோற்றை விட்டுவிடுங்கள். இனிப்பை மட்டும் ஒதுக்கிவிட்டு மூன்று முறை சோறு வாங்குகிறவரும் சர்க்கரையைத்தான் ஏற்றிக்கொள்கிறார். கருப்பட்டி, வெல்லம், தேன் எதுவும் இதற்கு விலக்கல்ல.

எனினும் இதை ஒரு சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. “ஒரு நாள்தானே” என்ற வார்த்தையை எண்ணிப் பாருங்கள். வாரத்துக்கு மூன்று முறை அது நடந்தால், மூன்று மாதத்தில் ஏறத்தாழ 40 வேளை ஆகிவிடும். அது தவறுதல் அல்ல, பழக்கம். அப்படி ஆகிவிட்டதென்றால் எங்களிடம் சொல்லுங்கள். வேலை நேரமா, இரவுப் பசியா, மனக்கவலையா என்று காரணத்தைப் பார்த்துச் சாப்பாட்டு நேரத்தையோ மருந்தையோ மாற்றித் தர வழியுண்டு.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. பந்தியில் எல்லார் முன்னிலையிலும், “உங்களுக்குச் சர்க்கரை, அதைத் தொடாதீர்கள்” என்று சொன்னால், அந்தப் பெரியவர் அங்கே தொடமாட்டார். வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு டப்பாவைத் திறப்பார். ஒளித்துச் சாப்பிடுவதற்கு அளவு கிடையாது, எண்ணிக்கையும் கிடையாது. அதைவிட நீங்களே ஒரு சிறு துண்டை எடுத்து, “இது போதும் அப்பா, பிறகு இரண்டு பேரும் நடந்துவிட்டு வருவோம்” என்று சொல்லிக் கொடுங்கள். விருந்துக்கு அழைக்கிறவர்களும், வேண்டாம் என்கிறவரை வற்புறுத்தாமல் விடுவது பெரிய உதவி.

பண்டிகைக்குப் பிறகு வரும் பரிசோதனைத் தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். அளவு எப்படியிருந்தாலும் வாருங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை முறை சாப்பிட்டீர்கள் என்று உள்ளபடி சொல்லுங்கள். அது தெரியாமல் நாங்கள் மருந்தைக் கூட்டிவிட்டால், நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடும் நாளில் அதே மருந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். வரும்போது செருப்பைக் கழற்றிப் பாதத்தையும் காட்டுங்கள். கண் பரிசோதனை செய்து ஒரு வருடம் ஆகியிருந்தால் அதையும் நினைவுபடுத்துங்கள்.