தன் குருதியைத் தானே வாங்குதல்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய எளியேன் வைத்திய விஷயம் பேசப் புகுந்தமை சிலர்க்கு வியப்பைத் தரலாம். இலக்கியச் சுவை நாடி வந்தோர் பொறுத்தருள்க. எம் குடும்பத்தில் நேர்ந்த நிகழ்ச்சியொன்றே இதனைப் பேசத் தூண்டிற்று.

என் தமக்கையின் புதல்வன் 28 அகவையினன். தேகப் பயிற்சிச் சாலைக்குச் செல்பவன். உடல் விரைவில் திரளுமென்று ஒருவர் கூறக் கேட்டு, டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மைச் சுரப்பு மருந்தை ஊசி வழியே ஏற்றி வந்தான். சில திங்கள் கழித்துக் குருதியைச் சோதித்தபோது ஹெமடோக்ரிட் 56 என்று வந்தது. குருதியின் அளவில் செவ்வணுக்கள் நூற்றுக்கு எத்துணைப் பங்கு என்பதைக் காட்டும் கணக்கே அஃது. ஆடவர்க்கு ஏறத்தாழ 40 முதல் 50 வரையும், மகளிர்க்கு 36 முதல் 46 வரையும் இருத்தல் இயல்பு. மிக்கால் குருதி தடித்து, உறைகட்டி, மூளையையோ இதயத்தையோ தாக்கக்கூடும். ஆதலின் அவன் அஞ்சியது முறையே. ஆனால் வைத்தியரிடம் சென்றால் ஊசி மருந்தைப் பற்றிச் சொல்ல நேருமே என்று நாணினான். குழலும் ஊசியும் வாங்கி, குளியலறைக் கதவைத் தாழிட்டு, முழங்கை மடிப்பில் தானே குத்திக்கொண்டான். எவ்வளவு வெளிப்பட்டதென்று அவனே அறியான். யான் அன்று அவ்வீட்டில் இருந்தேன். அவன் விழுந்த ஓசை கேட்டு என் தமக்கை அக்கதவை இடித்த இடிப்பு இன்னும் என் செவியை விட்டு அகலவில்லை.

குருதி வாங்குதல் பொய்ச் சிகிச்சையென்று யான் கூற வரவில்லை. நம் சித்த நூலார் புற மருத்துவம் 32 என வகுத்து, அவற்றுள் அட்டை விடலையும் குருதி வாங்கலையும் வைத்தனர். எலும்பு மச்சை கட்டுக்கடங்காது செவ்வணுக்களைப் பெருக்கும் நோயொன்றுண்டு. பாலிசைத்தீமியா வேரா என்பர். அதற்கு இன்றும் சிரை வழியே ஒரு முறைக்கு 450 மில்லி லிட்டர் அளவில் குருதி வாங்குகின்றனர். அந்நோயாளருள் ஹெமடோக்ரிட் 45க்குக் கீழ் நிறுத்தப்பெற்றோர்க்கு இதய நோய் மரணமும் பெரிய உறைகட்டும் குறைவென்று 2013ஆம் ஆண்டு வெளிவந்த இத்தாலிய ஆராய்ச்சி காட்டிற்று.

ஆயினும் வைத்தியன் முதலில் ஆராய்வது, இவ்வெண் ஏன் ஏறிற்று என்பதனையே. நீர் வற்றினாலும் ஏறும். அப்போது வேண்டுவது தண்ணீர். புகை பிடித்தல், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல், நுரையீரல் நோய் ஆகியவற்றாலும் ஏறும். பிறவி இதயக் கோளாறுடையார் சிலர்க்கு உயிர்க்காற்றின் குறையை ஈடுசெய்யவே உடல் செவ்வணுக்களை மிகுத்து வைத்திருக்கும். அதனை வாரி இறைத்தல் கேட்டிற்கே வழி.

இன்னொன்று. குருதி வெளிப்பட்ட உடனே எண் இறங்காது. நீர்ப்பகுதி மீண்டும் நிரம்ப ஓரிரு நாள் செல்லும். இதனை அறியாதான் உடனே சோதித்து, இறங்கவில்லையே என்று மறுபடியும் குத்துவான். 450 மில்லி லிட்டர் குருதியோடு ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்புச் சத்தும் போகிறது. உடல் உணவிலிருந்து நாளொன்றுக்கு ஏற்பதோ 1 அல்லது 2 மில்லிகிராம். ஆகவே அடிக்கடி வாங்குவோன் எண்ணை இறக்கிவிட்டுச் சோர்வையும் மூச்சிரைப்பையும் தேடிக்கொள்கிறான். முழங்கை மடிப்பிலோ சிரைக்கு அருகிலேயே தமனியும் நரம்பும் ஓடுகின்றன. ஊசி பிறழ்ந்தால் பீறிடும் குருதியை ஒரு கையால் அடக்குதல் அரிது. நரம்பில் பட்டால் விரல்கள் மரத்துப்போம். தூய்மை குன்றினால் நச்சுக் கிருமி நேரே குருதியிற் புகும்.

அமெரிக்க நாட்டின் முதற்றலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பரில் தொண்டை நோயுற்றபோது, வைத்தியர் வருமுன்னரே தம் பண்ணை மேற்பார்வையாளனை அழைத்துக் குருதி வாங்கச் சொன்னார். அவன் அஞ்சினான், மனைவியார் மிகுதியாக வாங்க வேண்டாவென்று தடுத்தார், அவரோ மேலும் வாங்கென்றார். வைத்தியர் வந்தும் அதுவே தொடர்ந்தது. அன்று வெளிப்பட்டது இரண்டு லிட்டருக்கு மேலென்று கணக்கிடுவர். 14ஆம் நாளிரவு உயிர் துறந்தார். அவரைக் கொன்றது தொண்டை வீக்கமே என்பாரும் உளர். அத்துணைக் குருதி இழந்த உடல் அதனோடு போராட வலியற்றுப் போயிற்று என்பதில் ஐயமில்லை.

நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என மருத்துவத்தை நான்கு கூறாக்கினார் வள்ளுவர். அந்நான்காவது ஆளை யான் நெடுநாள் பொருட்படுத்தியதில்லை. வகுப்பிலும் விரைந்து கடந்துவிடுவேன். குத்துபவனே மயங்கினால் ஊசியைப் பிடுங்கிக் காயத்தை அழுத்துவார் யார்? தாழிட்ட கதவின் வெளியே நின்றபோதுதான் அச்சொல்லின் பொருள் எனக்கு விளங்கிற்று.

பின்னர் அவனை அழைத்துச் சென்றபோது வைத்தியர் கடிந்துரைக்கவில்லை. எம்மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டார், ஊசியை நிறுத்தினார், பிற காரணங்கள் உளவோவென்று சோதித்தார், வேண்டுமாயின் மருத்துவமனையிலேயே குருதி வாங்கலாமென்றார். நான்கு திங்களில் எண் 48க்கு வந்தது. குருதி வாங்க வேண்டியே வரவில்லை.

இவற்றையெல்லாம் அவன் இசைவு பெற்றே கூறினேன். அதோ, பின்வரிசையில் தன் தாயின் அருகே அமர்ந்திருக்கிறான்.