கொரெங்கல் மலைச்சரிவில் மூன்று நிமிடம்

வியட்நாம் போருக்குப் பிந்தைய போர் ஒன்றில் காட்டிய வீரத்துக்காக, அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனரை உயிரோடிருந்து பெற்ற முதல் வீரர் சால்வத்தோர் ஜியுன்டா. அயோவா மாநிலத்தவர், 1985இல் பிறந்தவர். சாண்ட்விச் கடையில் வேலை பார்த்தவர் 2003இல் ராணுவத்தில் சேர்ந்து, 173ஆவது வான்குடைப் படைப்பிரிவுக்குப் போனார். ஆப்கானிஸ்தானுக்கு அவர் இரண்டாம் முறை சென்றபோது, பணி குனார் மாகாணத்தின் கொரெங்கல் பள்ளத்தாக்கில் அமைந்தது. செங்குத்தான மலைகளும் தேவதாருக் காடுகளும் சூழ்ந்த, அமெரிக்கப் படை அன்றாடம் சண்டையிட்ட இடம் அது.

2007 அக்டோபர் 25. பகல் முழுவதும் மலைமுகட்டில் காவல் இருந்த ஜியுன்டாவின் பிளட்டூன், இரவு நிலா வெளிச்சத்தில் வரிசையாக முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பாதையோரம் பதுங்கியிருந்தவர்கள் இயந்திரத் துப்பாக்கியாலும் ராக்கெட் குண்டுகளாலும் ஒரே நேரத்தில் தாக்கினார்கள். வானத்தில் அபாச்சி ஹெலிகாப்டர்கள் இருந்தன. ஆனால் இரு தரப்பும் சில மீட்டர் இடைவெளியில் நின்றதால் அவற்றால் சுட முடியவில்லை. இத்தனை நவீனக் கருவிகள் இருந்தும் அந்த நேரத்தில் கைகொடுத்தது துப்பாக்கியும் கையெறி குண்டும்தான்.

இவ்வளவு அருகிலிருந்து தாக்கப்படும்போது படுத்துக் கிடந்தாலும் சாவு, பின்வாங்கினாலும் சாவு. சுடுகிறவனை நோக்கிப் பாய்வதே பிழைக்க வழி. இதைக் காலாட்படை வீரர்களுக்கு உடம்பில் ஊறும்வரை பழக்குகிறார்கள். ஹெல்மெட்டில் தோட்டா பட்டுத் தன் ஸ்குவாட் தலைவர் விழுந்ததைக் கண்டு ஜியுன்டா ஓடி, அவரை மறைவிடத்துக்கு இழுத்தார். ஒரு தோட்டா ஜியுன்டாவின் மார்புக் கவசத்தில் பட்டது. இன்னொன்று முதுகில் தொங்கிய ஆயுதத்தைத் தாக்கியது. பிறகு குண்டுகளை வீசியபடி மற்றவர்களோடு முன்னேறினார். வரிசையின் முன்னால் சென்ற நண்பர் ஜோஷுவா பிரெனனைக் காணவில்லை. தேடி மேட்டின் மேல் தனியாக ஓடியவர் கண்டது, படுகாயமடைந்த பிரெனனை இருவர் தூக்கிச் செல்வதை. சுட்டார். ஒருவர் விழுந்தார், மற்றவர் பிரெனனை விட்டுவிட்டு ஓடினார். மொத்தச் சண்டையும் ஏறத்தாழ மூன்று நிமிடம். மருத்துவ உதவியாளர் ஹ்யூகோ மெண்டோசா உயிரிழந்தார். பிரெனன் மறுநாள் இறந்தார்.

முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் மருத்துவராக இருந்த மோரன் பிரபு, துணிச்சலை வங்கியில் கிடக்கும் சேமிப்போடு ஒப்பிட்டார்: எடுக்க எடுக்கக் குறையும், ஒருநாள் தீர்ந்துபோகும். அந்தக் கணக்குப்படி பார்த்தால், ஜியுன்டாவின் படை அந்த இரவுக்குப் பிறகும் பல மாதம் அதே பள்ளத்தாக்கில் ரோந்து போனது பதக்கத்துக்குரிய மூன்று நிமிடத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல. அதற்குத் தனிப் பதக்கம் கிடையாது.

2010 ஏப்ரலில் அமெரிக்கப் படை கொரெங்கலை விட்டு வெளியேறியது. அதே ஆண்டு நவம்பர் 16 அன்று வெள்ளை மாளிகையில் அதிபர் ஒபாமா ஜியுன்டாவுக்குப் பதக்கம் அணிவித்தார். பிரெனன், மெண்டோசா ஆகியோரின் பெற்றோரும் வந்திருந்தார்கள். தான் சராசரி வீரன்தான், அருகில் இருந்த எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்பதே ஜியுன்டாவின் நிலை. இதை வெறும் தன்னடக்கம் என்று ஒதுக்கக் கூடாது. கூட இருந்த ஒவ்வொருவரும் அன்று என்ன செய்தார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தவர் அவர். பதக்கம் பெற்ற மறு ஆண்டு அவர் ராணுவத்திலிருந்து விலகினார்.