ஓய்வுக்கு ஓர் இடம்

(காஞ்சிபுரத்தை அடுத்த செவிலிமேட்டில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கென எழுதப்பட்ட பிரசங்கம்)



கிராம புனருத்தாரணம் என்றதும் கடன் நிவாரணம், நல்ல விதை, குடிதண்ணீர், தெருச் சுகாதாரம் ஆகியவையே ஜனங்களின் நினைவுக்கு வருகின்றன. ஓய்வும் பொழுதுபோக்கும் அந்த ஜாபிதாவின் கடைசியில் நிற்கும். பல சமயங்களில் அதில் இடம் பெறுவதே இல்லை. உழைத்துப் பிழைப்பவனுக்குப் பொழுதுபோக்கு எதற்கு என்று கேட்பவரும் உண்டு. வெளியூரிலிருந்து வரும் யாத்திரிகருக்கு வசதி செய்ய வேண்டும் என்று ஒரு சாராரும், உள்ளூரார் குறையை முதலில் தீர்க்க வேண்டும் என்று மற்றொரு சாராரும் வாதிப்பதும் வழக்கம். இவ்விரண்டும் வேறுவேறு காரியங்கள் அல்ல என்பதையும், இரண்டிலும் உள்ள கஷ்டம் ஒன்றே என்பதையும், அந்தக் கஷ்டத்தைத் தீர்ப்பதில் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு பங்கு உண்டு என்பதையும் இங்கே விளக்கப்படும்.

முதலில் உள்ளூராரின் நிலைமையைக் கவனிக்கலாம். காஞ்சிப் பட்டு நெசவாளி குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்து பொழுது சாயும் வரை மிதிக்கிறான். உடலுக்கு ஒரு நாடாவும் கரைக்கு வேறு நாடாவும் ஓடும் கோர்வைச் சேலைக்கு அவன் ஒருவன் போதாது. பக்கத்தில் இன்னொருவர் இருந்து கரை நாடாவை வாங்கித் தர வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் மனைவி. முன்னாட்களில் பல வீடுகளில் பள்ளிக்குப் போகாத குழந்தை. 1986-ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழில் தடைச் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டு, 14 வயது நிரம்பாதவரை எந்தத் தொழிலிலும் அமர்த்தலாகாது என்று விதித்தது. ஆனால் பள்ளி நேரம் போக மற்ற நேரத்திலும் விடுமுறையிலும் குழந்தை குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று அதே திருத்தம் இடம் விட்டிருக்கிறது. மாலை நான்கு மணிக்குப் பள்ளி விட்டு வரும் சிறுவனுக்குத் தெருவில் விளையாட இடமில்லை என்றால், அவன் தறியடியில் உட்காருவதே இயல்பாகும். விளையாட்டு மைதானம் என்பது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் அலங்காரம் அன்று என்பது இதனால் விளங்கும்.

வேலையற்று இருப்பதை ஓய்வு என்று மயங்கலாகாது. மழைக்காலத்தில் தறிக்குழியில் ஊற்றுநீர் ஏறினால் நெசவு நிற்கிறது. பட்டு விலை ஏறிப் பாவு கிடைக்காத காலத்திலும் நிற்கிறது. அந்நாட்களில் நெசவாளிக்குக் கூலியும் இல்லை, மனநிம்மதியும் இல்லை. அமாவாசையன்று தறிக்கு ஓய்வு கொடுக்கும் பழைய வழக்கமோ வேறு விதமானது. முன்பே தெரிந்து, மனமொப்பி, ஊரார் அனைவரும் ஒருங்கே எடுத்துக்கொள்ளும் ஓய்வு அது. அப்படிப்பட்ட நாளில் போய் உட்காரவும், நாலு பேரோடு பேசவும், படிக்கவும், குழந்தைகள் ஓடியாடவும் ஓர் இடம் வேண்டும். அது இல்லாத ஊரில் ஓய்வு நாள் சீட்டாட்டத்திலும் மதுக்கடையிலும் கழிகிறது. மறுநாள் குடும்பத்தின் கணக்கில் அது நஷ்டமாக எழுதப்படுகிறது.

இனி யாத்திரிகர் விஷயம். காஞ்சிபுரம் சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். ஆகையால் வருகிறவர்களில் பலர் காலையில் வந்து, கோயில்களைத் தரிசித்து, சேலை வாங்கி, மாலையில் திரும்புகின்றனர். அவர்களுடைய பணம் பெரிய வீதிகளின் கடைகளில் தங்குகிறது. நெய்தவன் தெருவுக்கு வருவது அருமை. செவிலிமேட்டில் உள்ள சாலைக் கிணறு வைஷ்ணவ சரித்திரத்தில் புகழ் பெற்றது. இராமாநுசர் யாதவப்பிரகாசருடன் காசி யாத்திரை சென்றபோது தமக்கு நேரவிருந்த ஆபத்தை அறிந்து விந்தியக் காட்டில் பிரிந்தார் என்றும், வேடனும் வேடுவிச்சியுமாக வந்த தம்பதிகள் அவரை வழிகாட்டி அழைத்துவந்து தண்ணீர் கேட்டனர் என்றும், அவர் இந்தக் கிணற்றில் நீர் கொண்டு வருவதற்குள் மறைந்தனர் என்றும், வந்தவர்கள் வரதராஜப் பெருமாளும் பெருந்தேவித் தாயாருமே என்றும் குருபரம்பரை வரலாறு கூறும். பாலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் ஐயங்கார்குளம். அங்கே படிகளில் இறங்கிச் செல்லும் நடவாவிக் கிணறும் அதனுள் ஒரு மண்டபமும் உண்டு. சித்திரா பௌர்ணமியன்று வரதராஜப் பெருமாள் அங்கே எழுந்தருளுகிறார். அதற்கு முன் கிணற்று நீரை இறைத்து மண்டபத்தை வெளிப்படுத்துகின்றனர்.

இந்த இரண்டு கிணறுகளிலும் ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. நடவாவி திருவிழாவுக்காக வருஷத்தில் சில நாள் இறைக்கப்படுகிறது. அன்று பந்தல், விளக்கு, தண்ணீர், காவல் யாவும் வருகின்றன. சாலைக் கிணற்றிலோ, இராமாநுசர் பெருமாளின் திருமஞ்சனத்துக்கு நாள்தோறும் நீர் முகந்து சென்றார் என்பது வரலாறு. திருநாளுக்கு வேண்டிய முயற்சியை நமது தேசத்தார் நன்கு அறிவர். நாள்தோறும் செய்ய வேண்டிய தொண்டுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

திருநாள் ஏற்பாடும் எப்பொழுதும் போதுமானதாக அமையும் என்று சொல்வதற்கில்லை. 2019-ஆம் வருஷம் ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை அத்தி வரதர் தரிசனம் நடைபெற்றது. 2011 ஜனக்கணிதப்படி காஞ்சிபுரம் நகரசபை எல்லையில் இருந்தவர் சுமார் 1,64,000 பேர். அந்த நகரத்துக்கு ஒன்றரை மாதத்தில் வந்தவர் ஒரு கோடியைத் தாண்டினர் என்று மதிப்பிடப்பட்டது. தற்காலிகக் கக்கூஸுகளும், தண்ணீர்த் தொட்டிகளும், பந்தல்களும், வண்டி நிறுத்துமிடங்களும் ஊரைச் சுற்றி அமைக்கப்பட்டன. அவ்வளவும் இருந்தும் ஜூலை 18-ஆம் தேதி கூட்டத்தின் இறுக்கத்தில் நால்வர் உயிர் நீத்தனர். வெயிலில் நிற்பவருக்கு நிழலும் நீரும், முதியோர் சற்று உட்கார இடமும், பெண்களுக்கு மறைவிடமும் உயிரைக் காக்கும் சாதனங்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அவற்றை ஏற்கெனவே நாள்தோறும் நடத்திவரும் ஊரில், கூட்டம் வரும்பொழுது அவற்றைப் பெருக்கினால் போதும். ஒன்றுமே இல்லாத ஊரில் யாவும் புதிதாகத் தொடங்கப்பட வேண்டும். புதிய ஆட்களுக்கு இடமும் தெரியாது, வழியும் தெரியாது.

அப்படியானால் கஷ்டம் எங்கே? கட்டிடம் கட்டுவதற்குப் பணம் ஒருவாறு கிடைத்துவிடுகிறது. 2015 ஜனவரியில் இந்திய சர்க்கார் தொடங்கிய 'ஹிருதய்' என்னும் புராதன நகரத் திட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட 12 நகரங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. அத்திட்டம் 2019-ல் முடிவடைந்தது. திட்டத்துக்கு முடிவு தேதி உண்டு. கக்கூஸுக்கும் குழாய்க்கும் பூங்காவுக்கும் முடிவு தேதி இல்லை. ஒரு கக்கூஸைக் கட்டுவது ஒரு முறை; கழுவுவது தினமும் இரண்டு முறை. திறப்பு விழாவுக்கு வருபவர் பலர். சாவியை வைத்துக்கொள்பவர் யார் என்பது தெரிவதில்லை. ஆறு மாதத்தில் கதவு உடைகிறது, ஒரு வருஷத்தில் பூட்டு தொங்குகிறது, பின்பு ஜனங்கள் மறுபடியும் ஏரிக்கரைக்கே செல்கின்றனர்.

இதற்கு நேர்மாறான உதாரணம் வாசகசாலைகள். 1948-ஆம் வருஷத்துச் சென்னைப் பொது நூலகச் சட்டம் வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்க வழி செய்தது. வருஷந்தோறும் வரும் அந்தச் சிறு வரியினால்தான் தமிழ்நாட்டில் நூலகங்கள் சிற்றூர் வரை பரவி நிலைத்தன. கட்டிடம் இல்லாமலும் காரியம் நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1931 அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்பாரின் முயற்சியால், மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்குக் கொண்டு செல்லும் நூலகம் தொடங்கப்பட்டது. சிறிய வசதியானாலும் அதற்கு ஓர் உடையவரும் ஒரு வருமானமும் இருந்தால் அது நிலைக்கும்.

இரண்டாவது கஷ்டம் இடம். ஊர் நகரமாகிறபொழுது மனை விலை ஏறுகிறது. பொது இடம் சுருங்குகிறது. பேரூராட்சியாக இருந்த செவிலிமேடு 2011-ல் காஞ்சிபுரம் நகரசபையோடு சேர்ந்தது. 2021-ல் காஞ்சிபுரம் மாநகராட்சியாயிற்று. பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணலாகக் கிடப்பதைப் பார்த்து, அதன் படுகையிலேயே பூங்கா அமைக்கலாம் என்று சிலர் எண்ணக்கூடும். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை நினைத்தால் அந்த யோசனை தகாது என்பது புலப்படும். சேலம் பக்கத்து நெசவாளர் பாவு விரிப்பதற்கென்று பொதுவாக வைத்திருந்த நிலத்துக்குப் பாவடி என்று பெயர். காலையில் பாவு விரியும்; மாலையில் அதே நிலம் பிள்ளைகளுக்கு மைதானம்; கூத்து நடக்கும் இரவில் அதுவே அரங்கு. நிழல் மரங்களோடு கூடிய அப்படிப்பட்ட ஒரு நீண்ட நிலத்தைக் கையகப்படுத்திக் காப்பதே நெசவு ஊருக்கு ஏற்ற யோசனையாகும்.

மூன்றாவது கஷ்டம், வசதி செய்யும்பொழுது ஆடவரை மட்டும் நினைப்பது. வாசகசாலைத் திண்ணையில் பெண்கள் உட்காருவதில்லை. கோயிலும் குழாயடியுமே அவர்கள் கூடும் இடங்கள். வாரத்தில் இரண்டு மாலை பெண்களுக்கென்று ஒதுக்குவதும், விளக்கு எரிவதும், கக்கூஸ் சுத்தமாயிருப்பதும் இல்லாவிடில் ஊரில் பாதிப் பேருக்கு அந்த வசதி இல்லாததற்குச் சமானம்.

பொழுதுபோக்குக்கு வேண்டிய கலையை வெளியே தேட வேண்டியதில்லை. காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசிப் பக்கங்களில் இரவு முழுவதும் பாரதக் கூத்து ஆடும் ஜமாக்கள் உண்டு. 1990-ல் நிறுவப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கம், ஐயங்கார்குளத்தை அடுத்த புஞ்சை அரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை குருகுலம் நடத்திப் பள்ளிப் படிப்போடு கூத்தையும் பிள்ளைகளுக்குக் கற்பித்தது. பெண் பிள்ளைகளும் அங்கே ஆடப் பயின்றனர். அவ்வாறு பயின்றவர்களை அமாவாசை இரவில் ஊர் மைதானத்துக்கு அழைத்து, தக்க சன்மானம் கொடுத்து ஆடச்செய்தால், உள்ளூராருக்குப் பொழுதுபோக்கும், கலைஞருக்குப் பிழைப்பும், ஓர் இரவு தங்கிச் செல்ல யாத்திரிகருக்கு ஒரு காரணமும் உண்டாகும்.

இவற்றை யார் செய்வது? பஞ்சாயத்தும் மாநகராட்சியும் சர்க்காரும் செய்ய வேண்டிய பங்கு ஒன்று உண்டு; அதைச் சங்கம் சுமக்க வேண்டியதில்லை. தினசரிப் பராமரிப்பில்தான் சங்கம் கைகொடுக்கக்கூடும். இங்கிலாந்தில் 1844-ல் ராச்டேல் நெசவாளர்களும் மற்றத் தொழிலாளரும் தொடங்கிய சங்கம், பத்து வருஷத்துக்குள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்கிப் புத்தகசாலையும் பத்திரிகை படிக்கும் அறையும் நடத்தியது. இந்தியாவில் 1912-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 34-வது பிரிவு, லாபத்தில் நாலில் ஒரு பங்கைச் சேமநிதிக்கு ஒதுக்கிய பின், மீதியில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையைப் பதிவாளரின் அனுமதியோடு தர்ம காரியத்துக்குக் கொடுக்கலாம் என்றது. கல்வி, வைத்தியம், ஏழைகளுக்கு உதவி இவற்றோடு பொது ஜன உபயோகமான மற்றக் காரியங்களும் அந்தச் சொல்லில் அடங்கின. உதாரணமாக, ஒரு லட்ச ரூபாய் லாபத்தில் 25,000 சேமநிதிக்குப் போனால் மீதி 75,000. அதில் பத்தில் ஒரு பங்கு 7,500 ரூபாய். தமிழ்நாட்டில் இப்பொழுது அமலில் உள்ளது 1983-ஆம் வருஷத்துச் சட்டம். லாபப் பங்கீடு அதன் விதிகளையும் சங்கத்தின் உபவிதிகளையும் அனுசரித்தே நடக்க வேண்டும். விதி இடங்கொடுக்கும் தொகையைப் பொதுச்சபையில் தீர்மானித்து ஒதுக்குவது அங்கத்தினரின் உரிமை.

மேற்கண்ட 7,500 ரூபாயில் மைதானம் வாங்க முடியாது. ஆனால் உள்ள இடத்தைப் பெருக்கவும், குழாய்க்கு வாஷர் மாற்றவும், விளக்குக்குப் பல்பு போடவும் அது உதவும். போதாததற்கு யாத்திரிகரிடமிருந்தும் வரவு காணலாம். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. கோர்வை எவ்வாறு பிணைக்கப்படுகிறது என்பதைச் சங்கத்தின் தறிக்கூடத்தில் குறித்த நேரத்தில் காட்டிச் சிறு கட்டணம் வசூலிக்கலாம். நேரம் குறிக்காமல் வீடு வீடாகக் கூட்டம் நுழைவது நெசவைக் கெடுக்கும்; குடும்பத்தாரின் மானத்துக்கும் பொருந்தாது. நேரிற் கண்டவர் சேலையின் விலையைக் குறித்துப் பேரம் பேசுவது குறையும். சங்க விற்பனைக்கும் அது நன்மை. அந்தக் கட்டணம் ஊர்க் கக்கூஸையும் மைதானத்தையும் காப்பதற்கே செலவாக வேண்டும்.

தொடங்கும் முறை எளிது. முதலில் ஒரே ஒரு வசதியை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் சாவி யாரிடம், கூலி யாருக்கு, கணக்கு எந்தப் புஸ்தகத்தில் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிய பிறகே செங்கல் வைக்க வேண்டும். சுத்தம் செய்பவருக்குக் கூலி மாதம் தவறாமல் கொடுபட வேண்டும்; அது தர்மம் அன்று, கடன். மாதந்தோறும் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். ஒரு வருஷம் அது குறையின்றி நடந்தால் இரண்டாவதைத் தொடங்கலாம்.

அத்தி வரதர் மறுபடியும் எழுந்தருள்வது 2059-ல். இன்று பள்ளி விட்டு வரும் சிறுவனும் சிறுமியும் அப்பொழுது ஊர் நடத்தும் பெரியவர்களாயிருப்பர். வரும் ஜனத்திரளுக்கு நிழலும் நீரும் கொடுக்கும் பழக்கம் அவர்களுக்கு இருக்குமா என்பது இந்த வருஷத்துப் பொதுச்சபையின் தீர்மானத்தைப் பொறுத்தது. அடுத்த அமாவாசைக்குள் ஓர் இடத்தையும், அதற்குச் சாவி வைத்துக்கொள்ளும் ஒருவரையும் தேர்ந்தெடுப்பதே அங்கத்தினர்களின் முதல் வேலையாகும்.