அரை மணி நேரப் போர்

2022இல் முழுமையாக வெளிவந்த ‘வாம்பயர் சர்வைவர்ஸ்’ என்னும் கணினி விளையாட்டில் நாம் செய்வது நடப்பது மட்டுமே. ஆயுதங்கள் தாமே இயங்கும். வீழ்ந்த பகைவர் விட்டுச்செல்லும் மணிகளைப் பொறுக்கினால் நிலை உயரும். ஒவ்வோர் உயர்விலும் ஒரு வரத்தைத் தெரிய வேண்டும். ஆயுதங்களுக்கு இடம் ஆறே. ஆதலால் கண்டதையெல்லாம் எடுத்தவன் கூட்டத்துள் அழிவான்.

1638இல் கன்னொறுவையில் நம் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன், போர்த்துக்கேயரை நகருக்குள் வரவிட்டு, திரும்புகையில் வளைத்தான். நிற்பதிலும் விலகுவதே சிலவேளை வலிமை என்பது இரண்டிற்கும் பொதுப் பாடம்.

இவ்விளையாட்டை ஆக்கிய லூகா கலான்டே முன்னர் சூதாட்ட மென்பொருள் துறையில் பணியாற்றியவர். பேழை திறக்கும்போது எழும் ஒளியும் ஒலியும் ‘இன்னும் ஒருமுறை’ என அழைப்பது ஏனென இப்போது விளங்குமன்றோ? பரீட்சைக்கு முதல்நாள் இரவை அவ்வழைப்பிற்குப் பறிகொடுத்தவர்கள் நாம். முப்பதாம் நிமிடத்தில் காலன் வருவான். அவன் வந்ததும் எழுந்துவிடுவதென்று இப்போது உறுதி பூண்டுள்ளோம்.