கதிர்வீச்சும் நம் காவலும்
(பூநகரியில் நிகழ்த்திய உரை)



கதிர்வீச்சு என்றதும் நம் நெஞ்சில் எழுவது 1945ஆம் ஆண்டு ஹிரோஷிமாவிலும் நாகசாக்கியிலும் மூண்ட தீ. ஆதலின், பூநகரியின் வயலுக்கும் வாடிக்கும் அதனோடு யாது தொடர்பு என்று வாளாவிருக்கின்றோம். தொடர்பு உண்டு, நம் கையில் எரிந்த விளக்கிலேயே உண்டு!

மின்சாரம் எட்டாத நாளில் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் ஒளி தந்தது பெற்றோமாக்ஸ். அதனுட் கட்டும் மென்டிலுக்கு வெண்ணொளி அளித்தது தோரியம் என்னும் கதிரியக்கப் பொருள். 1909ஆம் ஆண்டில், திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற கயிற்றில் ஒட்டிய மணலிலே, தோரியம் கலந்த மோனசைற்றைக் கண்டார் ஷொம்பெர்க் என்னும் வேதியியலாளர். அதன் பின்னரே மணவாளக்குறிச்சி மணல் மென்டில் தொழிலுக்குக் கப்பலேறிற்று. அதற்கும் முன்னர், 1904இல், இலங்கை மண்ணிலே தோரியனைற்று என்னும் கனிமத்தைக் கண்டறிந்தவர் நம் ஆனந்த குமாரசுவாமி. கதிரியக்கம் நமக்கு அந்நியமன்று!

அப்படியாயின் அஞ்சி ஓடுவதா? வேண்டா. உலகில் ஒருவர் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவேட் கதிர்வீச்சை இயற்கையிலிருந்தே பெறுகின்றார். நெஞ்சு எக்ஸ்கதிர்ப் படம் ஒன்றினால் வருவது ஏறத்தாழ 0.1 மில்லிசீவேட், அல்லது அதனினும் குறைவு. வைத்தியர் கேட்ட படத்துக்கு அஞ்சி நோயை வளர்ப்பது அறிவீனம். ஆயினும், கருவுற்ற தாய் அதனை முன்னரே சொல்லிவிடல் வேண்டும்.

மென்டிலும் அவ்வாறே. வெளியே இருக்கும்வரை தோரியத்தின் தீங்கு மிகச் சிறிது. தூளாகி மூச்சிலோ சோற்றிலோ கலந்தால், உடலின் உள்ளிருந்தே கதிர் வீசும். ஆகவே, புதிய மென்டிலை அடைத்த அறையில் எரியாதீர், உடைந்த தூளை ஊதாதீர், ஈரத்துணியால் ஒற்றி எடுத்துக் கை கழுவுங்கள், குழந்தைகளை விலக்குங்கள்.

இனித் தொழிலிடம். 2010ஆம் ஆண்டு டில்லி மாயாபுரியில் நிகழ்ந்தது யாது? பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற பழைய கருவியொன்றைப் பழைய இரும்புத் தொழிலாளர் பிரித்தனர். உள்ளே இருந்தது கோபாற்று–60! ஒருவர் மாண்டார், பலர் மருத்துவமனை புகுந்தனர். கண்ட இரும்பைப் பிரித்ததன்றி அவர் செய்த குற்றம் யாது?

2009இன் பின் பழைய இரும்பு பொறுக்கி வயிறு கழுவிய குடும்பங்கள் நம் வன்னியிலும் உண்டு. இங்கே அத்தகைய பொருள் கிடந்தது என்று நாம் கூறவில்லை. கிடந்தால் அடையாளம் காண வேண்டும் என்கின்றோம். மூவிதழ்க் கதிர்வீச்சுக் குறி பொறித்த பெட்டியையோ, காரணமின்றிப் பாரமான ஈய உறையையோ கண்டால் தொடாதீர், வெட்டாதீர், விலகி நின்று கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள்.

காவல் மூன்றே: காலம், தூரம், தடுப்பு. அருகில் நிற்கும் நேரம் குறைந்தால் தாக்கம் குறையும். சிறிய மூலமொன்றிலிருந்து தூரம் இருமடங்கானால் கதிர் நான்கிலொன்றாகும். ஈயமும் தடித்த கொங்கிறீற்றும் அதனை மேலும் குறைக்கும்.

இவை தனிமனிதரின் கடமை. ஆட்சியின் கடமை எங்கே? 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் கதிர்வீச்சுத் தொழில்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்கிறது. கண்காணிக்க ஒரு பேரவையையும் அமைத்தது. தமிழ் 1987 முதல் ஆட்சிமொழி. ஆதலின், எச்சரிக்கைப் பலகை தமிழிலும் இருத்தல் வேண்டும். கதிரிடை உழைப்பவர் மார்பில் கதிரளவு காட்டும் பட்டி இருத்தல் வேண்டும். அதன் கணக்கை அவருக்குக் காட்டுதல் வேண்டும். வாசிக்க முடியாத எச்சரிக்கை எச்சரிக்கையாகுமா?

இது சலுகையன்று, உயிரின் உரிமை. அறிந்து கேட்போம், கேட்டுப் பெறுவோம்!