என்ஜின் மட்டும் வண்டியாகாது

(பரிசளிப்பு விழாவில், இப்பள்ளியின் முன்னாள் மாணவரும் மோட்டார் பட்டறை நடத்துபவருமான ஒருவர் ஆற்றிய உரை)

 

மேடையேறிப் பேசுவது என் தொழில் அல்ல. ஸ்பேனர் பிடிப்பதுதான் என் தொழில். ஆகவே கல்வியின் மேன்மையைப் பற்றிப் பொதுவாகப் பேசாமல், என் பட்டறையில் நானும் மூன்று பையன்களும் சேர்ந்து ஒரு பழைய லேண்ட் ரோவர் வண்டிக்கு என்ஜின் மாற்றி ஓடவிட்ட வேலையைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். கல்வி அந்த வேலைக்குள்ளேயே இருக்கிறது. தனியாகத் தேட வேண்டியதில்லை.

லேண்ட் ரோவரைத் தெரியாத பெரியவர்கள் இங்கே இருக்கமாட்டீர்கள். பெரட்டில் நிற்கும்போதே தூரத்துச் சத்தத்தை வைத்து, "தொரை வண்டி வருது" என்று சொல்வார்களே, அதே வண்டிதான். மழை பெய்து செம்மண் சடக்கு சேறாகிக் கிடக்கும் நாளில், மற்ற காடிகள் சிக்கி நிற்கும் இடத்தில், நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க, இது மட்டும் ஆடி ஆடி ஏறிப் போகும்.

இந்த வண்டியின் வரலாறே ஒரு பாடம். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் இங்கிலாந்தில் எஃகு இரும்புக்குப் பெரும் தட்டுப்பாடு. ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியியலாளர் மாரிஸ் வில்க்ஸ் என்பவர் வேல்ஸ் பகுதியில் ஆங்கிள்சி தீவிலிருந்த தம் பண்ணையில் போரில் மிஞ்சிய ஓர் அமெரிக்க ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து, 'விவசாயிக்கு உதவும் வண்டியை நாமே செய்தால் என்ன?' என்று நினைத்தார். எஃகு கிடைக்கவில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கிடைத்த அலுமினியத்தை வைத்து மேல்கூட்டைச் செய்தார்கள். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவர் உலகத்தின் முன் வந்தது. நம் நாட்டில் அவசரகாலம் தொடங்கியதும் அதே 1948இல்தான். பட்டாளம், போலீஸ், தோட்டம் என்று இந்த வண்டி நம் நாடெங்கும் ஓடியது. அந்தப் பரம்பரையின் கடைசி வண்டி 2016 ஜனவரி 29இல் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. கேமரன் மலையில் காய்கறி பயிரிடுகிறவர்களிடம் பழைய லேண்ட் ரோவர்கள் இன்றைக்கும் மேடு ஏறிக்கொண்டிருக்கின்றன.

எங்கள் பட்டறைக்கு வந்ததும் அப்படி ஒரு மலை வண்டிதான். 1960களில் செய்யப்பட்ட 'சீரிஸ் டூ ஏ' ரகம்; முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 88 அங்குலம். அதிலிருந்த டீசல் என்ஜின் 2286 சி.சி., 62 குதிரைத்திறன். அறுபது ஆண்டு உழைத்துக் களைத்துப் போயிருந்தது. வண்டிக்குச் சொந்தக்காரர், "அண்ணே, வேற நல்ல என்ஜினா பாத்துப் போடுங்க, மேட்டுல முட்டைக்கோசு ஏத்திக்கிட்டுப் போனா நடந்து போறவன் முந்திப் போறான்" என்றார்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது '200 டி.டி.ஐ.' என்னும் என்ஜின். இது 1989இல் டிஸ்கவரி வண்டியோடு வந்தது. நேற்றுப் பிறந்த என்ஜின் அல்ல. ஆனால் பழைய என்ஜினைவிட ஒரு தலைமுறை முன்னேறியது. இதில் கம்ப்யூட்டர் இல்லை, மலைக்காட்டில் நின்றுபோனாலும் ஸ்பேனரை வைத்தே பார்த்துவிடலாம். மேலும் பழைய லேண்ட் ரோவர் என்ஜின் வழியில் வந்ததாகையால், பின்பக்க போல்ட்டுத் துளைகள் பெரும்பாலும் பழைய கியர்பாக்ஸோடு பொருந்திவிடும்.

மாணவச் செல்வங்களே, இங்கே கொஞ்சம் கவனியுங்கள். இந்த என்ஜின் 2495 சி.சி. பழையதைவிட 209 சி.சி.தான் பெரியது. ஆனால் இதன் சக்தி 111 குதிரைத்திறன்! கொஞ்சம் பெரிய வயிறு, ஏறக்குறைய இரண்டு மடங்கு பலம். இது எப்படி?

உங்கள் பாட்டி விறகடுப்பில் சமைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடுப்பு மங்கினால் ஊதாங்குழலை எடுத்து ஊதுவார். காற்று கூடினால் தீ கூடும். என்ஜினுக்குள் நடப்பதும் எரிப்புத்தான். பழைய என்ஜின் தானே மூச்சிழுத்த காற்றை மட்டும் வைத்து எரித்தது. புதியதில் 'டர்போ' என்னும் ஊதாங்குழல் இருக்கிறது. வீணாக வெளியே போகும் புகையே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்ற, அந்தச் சுழற்சி வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. அமுக்கிய காற்று சூடாகிவிடும். சூடான காற்று இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே அதைக் குளிரவைக்க இன்னொரு ரேடியேட்டர் உண்டு. டீசலும் பக்கத்துச் சிற்றறைக்குப் போகாமல் நேராக பிஸ்டன் தலையிலேயே தெளிக்கப்படுகிறது. சூடு வீணாவது குறைகிறது. விஞ்ஞானப் பாடத்தில் 'காற்று சூடானால் விரியும்' என்று படிக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் இங்கே மேடு ஏறுகிறது.

இனி வேலைக்கு வருவோம். பழைய என்ஜினைக் கழற்றுவதுதான் முதல் வேலை என்று பையன்கள் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "இல்ல தம்பி, மொதல்ல சேசிஸப் பாரு" என்றேன். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். மேல்கூடுதான் அலுமினியம், அதைத் தாங்கும் சேசிஸ் எஃகுப் பெட்டிச் சட்டம். சேறு அதன் துளைகள் வழியாக உள்ளே போய்த் தங்கி, உள்ளிருந்தே தின்னும். வெளியே பெயிண்டு பளபளவென்று இருக்கும். சின்னச் சுத்தியலால் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே போக வேண்டும். 'டிங்' என்று மணிபோலக் கேட்டால் நல்ல இரும்பு. 'தொப்' என்று கேட்டால் உள்ளே துரு. எங்கள் வண்டியில் பின்பக்கக் குறுக்குச் சட்டமும், கால் வைக்கும் இடத்துக்கு முன்னுள்ள இரும்புத் தடுப்பும் 'தொப்' என்றன. டீசல் தொட்டியை இறக்கி, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, கெட்டதை வெட்டி எறிந்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தோம்.

பற்றவைத்த பிறகு சேசிஸ் கோணிப் போகாமல் நேராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு கயிறு போதும். முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கு ஓர் அளவு; முன் வலதிலிருந்து பின் இடதுக்கு இன்னோர் அளவு. இரண்டும் சமமாக இருந்தால் சேசிஸ் கோணவில்லை. நீள்சதுரத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்பது உங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறதா, இல்லையா?

என்ஜினை இறக்குவது ஒரு நாள் வேலை. அதற்கு இடம் பண்ணுவதுதான் பல வார வேலை. டிஸ்கவரியில் டர்போ கீழே தொங்கும். லேண்ட் ரோவரில் அது சேசிஸில் இடிக்கும். ஆகவே புகைக்குழாய் அமைப்பை மாற்றி, டர்போவை மேலே கொண்டுவர வேண்டும். என்ஜின் தாங்கிகளுக்குத் துளைபோட்டு மரை வெட்ட வேண்டும். தண்ணீர் ரேடியேட்டர், காற்றைக் குளிர்விப்பது, எண்ணெயைக் குளிர்விப்பது என்று மூன்றுக்கும் அந்தக் குறுகிய மூக்குக்குள் இடம் காண வேண்டும். முதலில் அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்தோம். பிறகுதான் இரும்பை வெட்டினோம்.

பெற்றோர்களே, நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம் இதுதான். என்ஜின் உட்கார்ந்தது, சாவியைத் திருப்பினோம், இனிமையாக ஓடியது. பையன்கள் கைதட்டினார்கள். சொந்தக்காரருக்கும் ஆசை வந்துவிட்டது. "அண்ணே, அக்சல்ல இருக்கிற பல்சக்கரத்தையும் மாத்திட்டா நல்லா ஓடுமாமே!" என்றார். உண்மைதான், மாற்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். டாப் கியரில் என்ஜின் ஏறக்குறைய 5.4 சுற்றுச் சுற்றினால் சக்கரம் 1 சுற்று. எங்கள் டயரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு உருட்டிப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 2.4 மீட்டர். என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், மணிக்கு 80 கிலோமீட்டர். வேறு பல்சக்கரம் போட்டு 5.4ஐ ஏறக்குறைய 4.06 ஆக்கிவிட்டால், அதே சுற்றில் மணிக்கு 106 கிலோமீட்டர்.

நான் மறுத்துவிட்டேன். ஏன்? அந்த வண்டியின் பிரேக் 1960களின் பிரேக். நான்கு சக்கரத்திலும் 10 அங்குல டிரம். ஒரே எண்ணெய்க் குழாய் வழி. எங்காவது ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் வண்டியை நிறுத்த இரண்டு மடங்கு தூரம் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, நான்கு மடங்கு தூரம் வேண்டும். மலைச் சரிவில், பின்னால் காய்கறிக் கூடைகளோடு நாலு பேர் உட்கார்ந்து வருகிறார்கள். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். பலமான என்ஜின் அவர்களை மேலே ஏற்றிவிடும். பத்திரமாகக் கீழே இறக்க வேண்டியது பிரேக்.

ஆகவே வேகத்துக்குச் செலவழிக்க நினைத்த பணத்தைப் பிரேக்குக்குச் செலவழிக்கச் சொன்னேன். முன்பக்கத்துக்கு நீள வண்டியின் 11 அங்குல டிரம், இரண்டு தனிக் குழாய் வழி, காலுக்கு வலுச் சேர்க்கும் சர்வோ. சர்வோவுக்கு வேண்டிய காற்றிழுக்கும் பம்பு புது என்ஜினிலேயே இருந்தது. பழைய அக்சல் ஷாஃப்ட்டும் பழைய கியர்பாக்ஸும் புதுப் பலத்தை முரட்டுத்தனமாக வாங்கினால் முறியும். கிளச்சை மெதுவாக விட வேண்டும் என்று ஓட்டுநருக்கும் சொல்லிக் கொடுத்தோம். இந்த என்ஜினில் நேரத்தைக் காக்கும் ரப்பர் பெல்ட் ஒன்று உண்டு. அது அறுந்தால் என்ஜின் பாழ். மாற்றிய தேதியை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வண்டியிலேயே வைத்தோம்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. வண்டிக் கிராணில் என்ஜின் எண் இருக்கிறது. ஜே.பி.ஜே. அனுமதியும் பரிசோதனையும் இல்லாமல் என்ஜினை மாற்றி ஓட்டினால் குற்றம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்சும் கைகொடுக்காமல் போகலாம். ஆகவே பாரங்களை நிரப்பி, கடிதம் எழுதி, வரிசையில் நின்று முறைப்படி செய்தோம். அந்தக் கடிதத்தை எழுதியவன் என் பட்டறைப் பையன்களில் ஒருவன். பிழையில்லாத மலாயில் எழுதினான்.

சில பெற்றோர்கள் என்னிடம் வந்து, "அண்ணே, எம் மவனுக்குப் படிப்பு ஏறல. ஒங்க பட்டறையில சேத்துக்குங்க" என்கிறார்கள். வேறு சிலர், "கையில கறுப்பெண்ணெய் படுற வேலைக்கா எம் புள்ளையப் பெத்தேன்?" என்கிறார்கள். இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான். படிப்பு ஏறாதவனை ஒதுக்கும் இடமல்ல பட்டறை. மேலே நான் சொன்னதில் கணக்கு இருக்கிறது, விஞ்ஞானம் இருக்கிறது, மொழி இருக்கிறது. படிக்கத் தெரியாதவன் நட்டை முறுக்கலாம். எவ்வளவு முறுக்க வேண்டும் என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பள்ளிப் படிப்பை முடிக்கட்டும். தொழிற்கல்லூரியும் தொழிற்பயிற்சிக் கழகமும் இருக்கின்றன. மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கட்டும். அதன் பிறகு கையில் எண்ணெய் படிந்தால் அது அழுக்கல்ல, மரியாதை. பெண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஸ்பேனருக்கு ஆண் பெண் தெரியாது.

இன்றைக்குப் பரிசு வாங்கிய பிள்ளைகளே, உங்களிடம் நல்ல என்ஜின் இருக்கிறது. வாழ்த்துகள். ஆனால் ஒழுக்கம் என்ற சேசிஸையும், நிதானம் என்ற பிரேக்கையும் மறந்துவிடாதீர்கள். பரிசு வாங்காத பிள்ளைகளே, அறுபது வயது வண்டியையே திரும்ப மலையேற வைக்க முடிகிறது. உங்களுக்கு இப்போதுதான் பத்து, பதினொரு வயது. எந்த இடம் 'தொப்' என்று கேட்கிறதோ, அந்த இடத்தை ஆசிரியரிடம் காட்டுங்கள். மறைத்துப் பெயிண்டு அடிக்காதீர்கள்.